சிவானந்தம் மாமாவின் காசுப் பெட்டி

என் அக்கா திலகத்தின் கணவர் சிவானந்தம் மாமாவுக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. காசு சேர்க்கும் பைத்தியம் மட்டும் உண்டு. செலவழிக்கிற காசு அல்ல; சுதந்திர விழா, மாமன்னர் முடிசூட்டு விழா, விளையாட்டுப் போட்டி என்று அரசாங்கம் அவ்வப்போது வெளியிடும் நினைவு நாணயங்கள். பெரும்பாலும் வெள்ளி, தங்கத்தில் ஒன்றே ஒன்று. குவாலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில், செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் ஓவர்டைம் பணத்தையெல்லாம் அதில்தான் கொட்டினார். வீட்டுக்கூரை ஒழுகும்; மனுஷன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு காசைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே கேட்டும் இருக்கிறேன். "ஒனக்குப் புரியாது மச்சான்" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு காசும் வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். அக்கா தூசி தட்டப் போனால்கூட "கை வைக்காத!" என்று கத்துவார். ஏன் வைக்கக்கூடாது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து சொல்லியிருப்பாரா? மாட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது.

அந்தப் பெட்டியை விற்க வேண்டி வந்தது தீபனால். அவர்களுக்கு ஒரே பிள்ளை. செகிஞ்சானில் அரிசி ஆலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பித் தாய்லாந்தில் வேலை என்று கிளம்பினான். அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய், கம்பி வேலி போட்ட கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் பேசி, ஏமாற்றிப் பணம் பறிக்கிற வேலை. சரியாகச் செய்யாவிட்டால் அடி. போலீசில் புகார் கொடுத்தோம், அரசியல்வாதிகள் வாசலில் நின்றோம். நாள்தான் போனது. கடைசியில் அந்தக் கும்பலே விலை சொன்னது. திங்கட்கிழமைக்குள் பணம் வந்தால் பையனை எல்லையில் விடுவார்கள். வராவிட்டால் வேறு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். அப்படி விற்கப்பட்டவர்களைப் பற்றி அதற்குப் பிறகு தகவலே வருவதில்லையாம்.

அக்காவின் நகை போனது. என் சேமிப்பும் போனது. மீதிக்கு அந்தப் பெட்டிதான் இருந்தது.

கிள்ளானில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் உதுமான் பாய் இந்த மாதிரிக் காசுகளையும் வாங்குவார். மாமாவுக்கு நெடுநாள் பழக்கம். பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஃபோனில் விசாரித்துவிட்டு, குறையில்லாமல் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு விலை சொன்னார். எங்களுக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. அன்றுதான் முதல்முறையாக மாமாவின் பைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலை என் வேனில் போனோம். மாமா பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். திறக்கவில்லை. "பாத்தா குடுக்க மனசு வராது மச்சான்" என்றார்.

உதுமான் பாய் மேசை விளக்கைப் போட்டு முதல் காசை எடுத்தார். அவர் முகம் மாறியது. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும். எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். எனக்கோ அவை அவ்வளவு அழகாகத் தெரிந்தன. கடையில் வாங்கின புதுத் தட்டு மாதிரி மின்னின.

"சிவா, இத யாரு கழுவுனது?"

மாமா குனிந்து பார்த்தார். கூட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்தார். விபூதி.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முதல் நாள் வெள்ளிக்கிழமை. சாமி மேடை வெள்ளிச் சாமான்களை அக்கா விபூதி போட்டுத் துலக்குகிற நாள். காசுகளில் சில கறுத்துப் போயிருந்தன. மகனை மீட்கப் போகிற பொருள் அழுக்காகவா போக வேண்டும் என்று நினைத்திருப்பாள். கூட்டையெல்லாம் திறந்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். கறுப்பு விடாததற்குப் புளியும் போட்டிருப்பாள்.

"பளபளன்னுதானே இருக்கு பாய்? இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

அவர் கோபப்படவில்லை. காசை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பாக இருக்க வேண்டிய பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள், சுற்றிச் சுற்றி.

"அச்சடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும் தம்பி. கறுத்திருந்தாக்கூட எடுத்திருப்பேன். தேச்சத எவனும் வாங்கமாட்டான்லா. இனி உருக்குற வெலதான்."

தங்கக் காசையும் சேர்த்து எடை போட்டார். தன் கையிலிருந்து கொஞ்சம் கூட்டியே கொடுத்தார். அப்படியும் சொன்ன விலையில் பாதிகூட வரவில்லை.

"யாருதான் கழுவுனா?" என்று மறுபடியும் கேட்டார்.

"நான்தான் பாய்" என்றார் மாமா. "புத்தி கெட்டுப்போச்சு."

கையுறை இல்லாமல் ஒரு காசைத் தொட்டறியாத மனிதர் அதைச் சொன்னார். உதுமான் பாய் நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

காப்பார் ஊர் வழியாகத் திரும்பும்போது மாமா சொன்னார். "திலகத்துக்குத் தெரிஞ்சா செத்துருவா மச்சான். நீ ஒன்னும் சொல்லாத."

"பணத்துக்கு என்ன மாமா செய்யறது?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல."

நாளைக்கு யாரிடம் போய் நிற்பது? நாங்கள் கேட்காத ஆள் மிச்சமே இல்லை.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "பாய் என்னா சொன்னாரு? நேத்து நான்தான் எல்லாத்தையும் தேச்சு வச்சேன். கறுப்பு புடிச்சுக் கெடந்துச்சு. நீங்க கவனிக்கவே இல்ல."

"நல்லா இருக்குன்னாரு" என்றார் மாமா. "நல்ல வெல குடுத்தாரு."

தீபன் போனதிலிருந்து அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போது சிரித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மாமாவின் ஃபோன் அடித்தது. தீபன்தான். அந்த ஆட்கள் பக்கத்தில் நின்றுகொண்டு பேச வைக்கிற அழைப்பு. எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிவிடுவார்கள். மாமா கையை நீட்டுவதற்குள் அக்கா எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வித்தாச்சுடா தீபா! அப்பா எல்லாத்தையும் வித்துட்டாரு. முழுப் பணமும் வந்துருச்சு. அவனுங்ககிட்ட சொல்லு, இனிமே ஒன்ன அடிக்க வேணாம்னு சொல்லு!"

"திலகம், குடு இங்க!" மாமா பாய்ந்து பிடுங்கினார்.

அதற்குள் அந்தப் பக்கம் தீபன் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். "பாஸ், மணி ரெடி! மண்டே! மை ஃபாதர் காட் தி மணி!" யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு அவன் குரல், அழுகையும் மூச்சிரைப்புமாக.

"அப்பா, சொல்லிட்டேன்பா. திங்கக்கெழம கண்டிப்பா வந்துரும்னு சொல்லிட்டேன். எங்கப்பா சொன்னா செய்வாருன்னு சொல்லிட்டேன்."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தாள்.

"சரிப்பா" என்றார் மாமா.