விறகு திகட்டிய அடுப்பு

நடுவப்பட்டிப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்புக்கு விறகு திகட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை சமையல்காரி செண்பகவல்லி வேலிக்கருவை விறகை நீட்டியபோது, அது வாயை இறுக மூடிக்கொண்டது.

தலைமையாசிரியர் வந்து குனிந்து, "பிள்ளைகளுக்குப் பசிக்குமே" என்றார்.

"முடியல சார். நெஞ்சைக் கரிக்குது" என்றது அடுப்பு. அதற்கும் வருத்தம்தான்.

அன்று பிள்ளைகளுக்குப் பொரியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைச் சப்பிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை.

ஊரைச் சுற்றிப் பருத்தி எடுத்து முடிந்த காடுகளில் வெறும் செடிகள் காய்ந்து நின்றன. அந்தப் பருத்திமாரை ஒரு கட்டுப் பிடுங்கிவந்து கொடுத்தாள். ஈறில் குத்துகிறது என்று அடுப்பு துப்பிவிட்டது. எண்ணெய்ச் செக்கிலிருந்து கடலைத்தோல் அள்ளிவந்து போட்டாள். புரையேறி அது இருமிய இருமலில் சமையலறை முழுக்கத் தோல் பறந்தது.

"பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரில்லா ஊட்டணும் போலிருக்கு" என்றாள் உடன் சமைக்கும் பேச்சியம்மாள்.

"ஊட்டிட்டாப் போச்சுக்கா" என்றாள் செண்பகவல்லி.

இருவரும் பருத்திமாரை உரலில் இட்டு இடித்தார்கள். கடலைத்தோலைப் பொடித்துச் சேர்த்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த வடிகஞ்சியை ஊற்றிப் பிசைந்தார்கள். முதலில் பிடித்த உருண்டைகள் உதிர்ந்துபோயின. செண்பகவல்லி சலிக்காமல் மறுபடி பிசைந்து, உடைந்த தண்ணீர்க்குழாய்த் துண்டில் திணித்து, உலக்கையால் குத்தி வெளியே தள்ளினாள். வழுவழுவென்று கட்டிகள் விழுந்தன. மொட்டைமாடியில் பரப்பினாள். கரிசல்காட்டு வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்?

நன்றாகக் காய்ந்ததும் ஒரு கட்டியைப் பிட்டு ஊட்டினாள். அடுப்பு மெல்ல மென்றது.

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்றது அடுப்பு.

புகையில்லாமல் நின்று எரிந்தது. உலை கொதித்தது. பிள்ளைகள் மறுசோறு வாங்கித் தின்றார்கள். தலைமையாசிரியர் ஒரு கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்து, "எனக்கே ஒண்ணு கடிக்கணும்போல இருக்கும்மா" என்றார். செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் சாம்பல், பருத்திக் காட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறியது. கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். காற்றடிக்கும், ஜன்னலோரம் வேண்டாம் என்றது சாம்பல். ஒரு பெரியவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்.