இருபது மெகாபைட்டும் ஒரு மூங்கில் கம்பும்

அற்புதராஜ் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும், வாய் மட்டும் ஓயாது. அந்த வாரம் பூராவும் ஒரே பேச்சுதான்.

"ஹார்ட் டிஸ்க் வேணும் பிரிஜட். இருபது மெகாபைட்! ஒரு கடையோட சரக்குப் பட்டியல் மொத்தமும் பெட்டிக்குள்ளேயே அடங்கிடும்."

"அடங்கி என்ன லா? கண்ணுக்குத் தெரிய வேணாமா? முதல்ல திரையைச் சரி பண்ணச் சொல்லுங்க. அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துப் பார்த்து எங்க லைன்ல பாதிப் பேருக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

"உனக்கென்ன தெரியும்? நான் விக்கிறவன்."

"நான் செய்யிறவ. மீனைத் தின்னுங்க."

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. பூன் லே பக்கம் கம்ப்யூட்டர் செய்கிற தொழிற்சாலை. பிரிஜட் லைனில் நின்று பெட்டிகளைச் சோதித்து அனுப்புவாள். அற்புதராஜ் அதே பெட்டியைக் கடை கடையாகத் தூக்கிப்போய்க் காட்டி விற்பான். அடுத்த வருஷம் வரப்போகிற விலை கூடின மாடலில் புதிதாக என்ன வைக்கலாம் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. ஒரு தொழிற்சாலைக்கு ஒரே ஒரு யோசனைதான். திங்கட்கிழமை தரக்குழுக் கூட்டத்தில் முடிவு. விற்பனைப் பிரிவுக்காக அவன் பேச வேண்டும், லைனுக்காக அவள்.

அந்தப் பெட்டிக்கு 'போர்ட்டபிள்' என்று பேர் வைத்த மகராசன் ஒரு நாளாவது அதைத் தூக்கிப் பார்த்திருப்பானா, தெரியாது. பன்னிரண்டு கிலோ! தையல் மெஷினுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் முன்னால் ஓடுகிற அஞ்சடிப் பாதையெல்லாம் நாலு வருஷமாக நடந்தவன் அற்புதராஜ். ஒரு ஜவுளிக்கடைக்காரர் திரையில் தன் பேரைப் பார்த்துவிட்டுச் சிரித்தால் போதும், அன்றைக்கு அவனுக்குப் பசியே எடுக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் ஓஃபியர் ரோட்டு மாதா கோயிலில் திருநாள் சுற்றுப்பிரகாரம். மாதா சப்பரத்தின் வலது முன்கம்பு ஒன்பது வருஷமாக அற்புதராஜுடையது. யார் எங்கே தோள் கொடுப்பது என்பது அங்கே சட்டம் மாதிரி. கல்யாணமான புதிதில் காய்ச்சலோடு போய்க்கூட அந்தக் கம்பை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கோ சத்தம் போடாமல் இடது கம்புக்காரனிடம் வந்து, "சிலுவைராஜு, நீ அந்தப் பக்கம் போ லா, ஒரு தடவை மாத்திப் பாப்போம்," என்றான்.

மெழுகுவத்தியோடு பின்னால் வந்த பிரிஜட் பார்த்துவிட்டாள். இடது தோளில் சப்பரம், வலது கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாவி மனுஷன், எத்தனை நாளாக மறைத்தானோ!

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்ததும் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "சட்டையைக் கழட்டுங்க."

அவன் மழுப்பிப் பார்த்தான். நடக்கவில்லை. வலது தோளில் பெட்டியின் பட்டை பதிந்த இடம் கன்றிக் கறுத்திருந்தது.

"ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதே பிரிஜட். தூக்க முடியாதுன்னு தெரிஞ்சா ஸ்டோருக்கு மாத்திடுவாங்க. அட்டைப்பெட்டிக்கு நம்பர் ஒட்டிக்கிட்டு என்னால உக்கார முடியாது."

"இந்தத் தோளை வச்சிக்கிட்டா ஹார்ட் டிஸ்க் கேட்டீங்க? இன்னும் ஒரு கிலோ கூடுமே!"

"அது இருந்தா நல்லா விக்கும்ல," என்றான் சின்னக் குரலில். அவளுக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தலாம் போலவும் வந்தது. தைலத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் லைனில் பக்கத்து இடத்துத் தங்கத்திடம் மெல்லக் கேட்டாள். "திரையை விட்டுட்டு எடையைக் குறைக்கச் சொல்லிக் கேப்போமா?" புருஷன் பேச்சை எடுக்கவில்லை.

தங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு அறுபது பெட்டி இறக்கி வைக்கிறேன். இதைக் கேக்க உனக்கு இப்பத்தான் தோணுச்சா?" லைனில் எல்லாரும் சரி என்றார்கள்.

கூட்டத்தில் முதலில் அற்புதராஜ் ஹார்ட் டிஸ்க் புகழ் பாடி உட்கார்ந்தான். மேனேஜர் லிம் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பிரிஜட் எழுந்தாள். மேசை மேல் இருந்த பெட்டியைத் தூக்கி மேனேஜர் கையில் கொடுத்தாள்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்குங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அவசரப்படாமல் பேசினாள். லைனில் அறுபது தடவை, பஸ் படியில் எத்தனை தடவை, மாடிப்படியில் எத்தனை தடவை. மூன்றாவது நிமிஷத்தில் லிம் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அற்புதராஜிடம் நீட்டினார். "ராஜ், இதைக் கொஞ்சம் வாங்கு."

பிரிஜட்டுக்குப் பகீர் என்றது. ஐயோ மாதாவே, நானே மாட்டிவிட்டேனே! ஓடிப்போய் வாங்க ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அற்புதராஜ் எழுந்து நின்றான். கையை நீட்டவில்லை. அவளைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான்.

"என்னால முடியாது சார். வலது தோள் போயிடுச்சு. நாலு மாசமா மறைச்சுட்டேன். என் ஓட்டும் அவளுக்குத்தான்."

லிம் பெட்டியை மெல்ல மேசையில் வைத்தார். உள்ளங்கையில் பதிந்திருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதியிருந்த ஹார்ட் டிஸ்கை அடித்துவிட்டு, 'ஐந்து கிலோவுக்குள்' என்று எழுதினார்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் நீ ஸ்டோர்ல இரு, ராஜ்." அற்புதராஜ் தலை குனிந்தான். "ஆனா வியாழக்கிழமை சாகுல் ஹமீது கடையில காட்டுறதா வாக்குக் கொடுத்தாச்சு. அங்க யார் போறது?"

"இவர்தான் சார்," என்றாள் பிரிஜட். "தூக்க நான் கூடப் போறேன்."

வியாழக்கிழமை கம்பெனி வேன் தேக்கா முனையில் இறக்கிவிட்டுப் போனது. பிரிஜட் வீட்டிலிருந்து துணி காயப்போடுகிற மூங்கில் கம்பைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியின் கைப்பிடியில் கயிறு கட்டி, கம்பில் தொங்கவிட்டு, முன்னால் அவள், பின்னால் அவன், இடது தோளில்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடை வாசலில் நின்ற சாகுல் ஹமீது வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ராஜு, கம்ப்யூட்டருக்கு ஊர்வலமா?"

"விலை கூடின சரக்கு பாய், அப்படித்தான் வரும்!" என்றான் அற்புதராஜ். நாலு மாசத்தில் அவன் குரலில் அந்தத் தெம்பைப் பிரிஜட் கேட்டதில்லை.

திடீரென்று அவள் தோளில் கம்பு லேசாகிப்போனது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பிப் பார்த்தாள். அவன் நைசாகக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தான்.

"கயித்தை நடுவுல தள்ளுங்க."

"நடுவுலதான் இருக்கு."

"என் தோளுக்குத் தெரியாதா? தள்ளுங்கன்னா தள்ளுங்க!"

அவன் ஒரு விரற்கடை தள்ளினான். அவள் நகரவில்லை. நடுரோட்டில் பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டே இருந்தான். கயிறு நடுவுக்கு வந்த பிறகுதான் பிரிஜட் அடுத்த அடி எடுத்து வைத்தாள்.