புளி போட்டு விளக்கிய கும்பினிக் காசு

அந்த நாணயப் பரிசோதனை அலுவலகத்தில் காசுக்குத்தான் நாற்காலி. கொண்டு வந்தவர் நிற்க வேண்டும். வைரக்கண்ணு காலையிலிருந்து நின்றார். அவர் கொண்டு வந்த கும்பினிக் காசு மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு டீயும் வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துக் காசு. அப்பா சிங்காரவேலு விட்டுப்போனது. அதை அவரே வார்த்தார் என்று எவனோ கிளப்பிவிட, தெருவே அவரைக் கள்ளக்காசு என்று கூப்பிட்டது. பாடையைத் தூக்கும்போதும் ஒருவன் அப்படித்தான் சொன்னான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூடிக் காட்டுவது என்றுதான் வைரக்கண்ணு கிளம்பியிருந்தார். ‘அசல்’ என்று ஒரு சான்றிதழ் போதும். ஒவ்வொருத்தனையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம்.

பரிசோதகர் ஒரு அம்மாள். காசை முகர்ந்து பார்த்தார்.

“விளக்குனீங்களா?”

“ஆமா மேடம். ஆபீசுக்கு வருதேன்னு நேத்து புளி போட்டுப் பளிச்சுன்னு தேய்ச்சேன்.”

“வயசு போயிடுச்சே. இது இப்ப ஒரு நாள் குழந்தை. கழுவுன தண்ணி எங்கே?”

“கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன்.”

அம்மாள் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து சொன்னான்: செடிக்கு இருநூறு வயது, அடுப்படிக் கூரையைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அம்மாள் செடிக்கு ‘அசல்’ என்று சான்றிதழ் எழுதினார். காசின் படிவத்தில் ‘போலி’ என்று முத்திரை குத்தினார்.

வைரக்கண்ணு மேசையில் ஓங்கி அறைந்தார்.

“என்ன மேடம் அநியாயம்! செடிக்கு இருக்கிற மரியாதை எங்கப்பனுக்கு இல்லியா? நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?”

அம்மாள் பேனாவை மூடினார்.

“இந்தக் கோவம் எத்தனை வருஷமா இருக்கு?”

“நாப்பத்தோரு வருஷம்! அவரைப் பாடையில வச்ச நாள்லேர்ந்து!”

“தேய்ச்சுக் கழுவுனீங்களா?”

“தொட்டதே இல்லை!”

அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நெஞ்சில் விரலால் சுண்டினார். கணீரென்று கேட்டது. அம்மாள் எழுந்து நின்றார்.

“அசல். கலப்படமே இல்லை. அசல் எதையும் நாங்க வெளியே விடறதில்லை. இங்கேயே வச்சிருவோம்.”

“அது எங்கப்பனுக்காக நான்...” என்று வைரக்கண்ணு கத்தத் தொடங்கினார். பாதியில் சத்தம் நின்றுபோனது. அதற்குள் இரண்டு பியூன்கள் அவர் கோபத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வைரக்கண்ணு கும்பிடு போட்டுவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரன் முத்தையன் நின்றான்.

“என்ன, கள்ளக்காசு மவனே! அப்பன் வார்த்த காசு என்னாச்சு?”

வைரக்கண்ணு தனக்குள் தேடிப் பார்த்தார். ஒரு மூலையிலும் எதுவும் இல்லை.

“போலிதானாம்ப்பா,” என்று சொல்லிவிட்டு, அவனோடு சேர்ந்து சிரித்தார்.