வெளியில் மேய்ந்த பறவை

"கொட்டகைக்குள்ள அடைச்சுட்டு எந்த முகத்தோட 'புல்லுல வளந்தது'ன்னு விப்பே? சொல்லு ஓரின், எந்த முகத்தோட?"

"இந்த முகத்தோடதான். வேற முகம் வாங்க வசதி இல்ல."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"நீதான் மேல பாக்க மாட்டேங்குற. பக்கத்து சோளக்காட்டுல காட்டு வாத்து எறங்கியிருக்கு நடீன். ஒரு வாத்து எச்சம் போட்டாப் போதும், பறவைக் காய்ச்சல் ஒட்டிக்கும். நம்ம பறவை எல்லாம் போயிடும்."

தீவன வண்டிக்காரர் கர்ட் குழாயைப் பிடித்தபடி நின்றார். "எனக்குக் காது கேக்காது. தீவனத்தை எங்க கொட்டணும்னு மட்டும் கையைக் காட்டுங்க" என்றார். ஓரின் சிரித்தான். நடீன் சிரிக்கவில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அக்டோபர் கடைசி அது. நடீனும் அவள் கணவன் ஓரினும் சின்ன அளவில் வான்கோழி வளர்ப்பவர்கள். ரசாயனம் படாத தீவனம். பகலெல்லாம் புல்வெளி. புல் தீர்ந்தால் பறவைகளை வேலியோடு அடுத்த துண்டு நிலத்துக்கு நகர்த்துவார்கள். நவம்பரில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு வான்கோழி வேண்டுமென்று, நகரத்துக் குடும்பங்கள் வசந்தத்திலேயே சொல்லி வைத்துவிடும். கடையில் உறைந்து கிடக்கும் பறவை அவர்களுக்கு வேண்டாம், புல்லில் மேய்ந்ததுதான் வேண்டும். அதனால்தான் விருந்துக்குச் சில வாரம் முன்பு ஒரு ஞாயிறு முழுக்கக் கதவைத் திறந்து வைப்பது இந்தப் பண்ணையின் வழக்கம். வாங்குகிறவர்கள் பிள்ளைகளோடு வந்து பறவைகளுக்கு நடுவே நடப்பார்கள். நடீன் சூடான ஆப்பிள் சாறும் டோனட்டும் வைப்பாள்.

"இயற்கைப் பண்ணைன்னு சான்றிதழ் தர்ற அம்மாகிட்ட கேட்டேன்" என்றான் ஓரின். "நோய் பயம் இருந்தா கொஞ்ச நாள் உள்ள வெச்சுக்கலாம், சான்றிதழுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"அந்த அம்மாவா வந்து வான்கோழி வாங்கறாங்க? லுண்டீன் வீட்டுக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

அவன் மறக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, விடாத மழையில் லுண்டீன் குடும்பம் பறவைகளை உள்ளே அடைத்தது. வந்த ஒரு பெண் கதவு இடுக்கில் படமெடுத்து, 'இதுதான் இவர்கள் சொல்லும் புல்வெளி' என்று ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாள். சொல்லி வைத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த கோடையில் பண்ணை கைமாறியது.

"ஃபோன் பண்ணிச் சொல்லுவோமே. இந்த வருஷம் இப்படின்னு" என்றான்.

"சொன்னா நம்புவாங்களா? நம்பிக்கையைப் பார்த்து வாங்கறவங்க இல்ல ஓரின், புல்லைப் பார்த்து வாங்கறவங்க. ஞாயிறு மட்டும் வெளியில இருக்கட்டும். திங்கக்கெழமை நானே உள்ள ஓட்டறேன். போதுமா?"

ஓரின் வாத்துகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். "சரி, ஞாயிறு வரைக்கும்" என்றான்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். வான்கோழிகளுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது உரக்கக் கத்தினால் மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் 'கொளகொள'வென்று பதில் கத்தும். பிள்ளைகள் கத்துவதும், பறவைகள் பதில் சொல்வதும், பிள்ளைகள் புல்லில் உருண்டு சிரிப்பதுமாக இருந்தது. பத்து வருடமாக வாங்கும் பிரிசில்லா நடீனைக் கட்டிக்கொண்டாள்.

"ஒங்க பறவை இல்லாம எங்க வீட்டுல விருந்தே கெடையாது. என் மருமக மாமிசமே தொடமாட்டா, ஒங்களோடதுன்னா மட்டும் ரெண்டு துண்டு வாங்கிக்குவா. 'அது சந்தோஷமா வாழ்ந்துச்சு'ம்பா."

அப்போது தலைக்கு மேல் காட்டு வாத்துகள் அணிவகுத்துப் போயின. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே வான்கோழிகள், மேலே வாத்துகள், இரண்டையும் சேர்த்துப் படமெடுத்தார்கள். சிலர் கைதட்டினார்கள். ஓரின் மட்டும் சாறு ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

நடீன் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை பறவைகளை உள்ளே ஓட்டினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை. ஓரின் தினமும் கொட்டகைக் கதவைத் திறந்ததும், "என்ன, எழுந்தாச்சா?" என்று கத்துவான். மொத்தக் கூட்டமும் பதில் கத்தும். வீட்டுக்குள் காபி போடும்போது நடீனுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அன்று அவன் குரல் கேட்டது. பதில் வரவில்லை. மறுபடியும் கத்தினான். எங்கோ மூலையில் ஒன்று மட்டும் லேசாகக் கத்தி நின்றது.

நடீன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பறவைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. சில படுத்துவிட்டிருந்தன. ஓரின் வாசலிலேயே கை நீட்டி அவளைத் தடுத்தான்.

"உள்ள வராத" என்றான்.

அரசுக் கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுத்துப் போனார். பறவைக் காய்ச்சல்தான். ஒன்றுக்கு வந்தாலும் மொத்தத்தையும் கொல்ல வேண்டும் என்பது சட்டம். நன்றாக நின்றவற்றையும் சேர்த்துத்தான். வெள்ளை உடை போட்டவர்கள் வந்தார்கள். கொட்டகையை மூடி, வான்கோழிகளின் தலைக்கு மேல் நிற்கும் அளவுக்கு நுரையை நிரப்பி மூச்சடைக்க வைத்தார்கள். பிறகு அதே கொட்டகையில், மக்கிப் போவதற்காக, மரத்தூளைக் கொட்டிக் குவியலாக மூடினார்கள். குளிரில் அந்தக் குவியலிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது.

நடீன் சமையலறையில் நின்று, "திட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"நான்தானே வெளியில விடச் சொன்னேன். திட்டேன். கத்து. பாத்திரத்தைத் தூக்கி எறி."

"ஞாயித்துக்கெழமைதான் வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம். என் பூட்ஸ்ல ஒட்டிட்டு வந்திருக்கலாம்." அவன் மேசையைப் பார்த்தபடியே பேசினான். "நானும்தான் சரின்னேன்."

அவன் திட்டியிருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த வழியும் அடைபட்டுப்போனது.

சொல்லி வைத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பெரும்பாலோர் அன்பாகத்தான் பேசினார்கள். ஒருவர் பரவாயில்லை, சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கிக்கொள்கிறோம் என்றார். பிரிசில்லா ஃபோனிலேயே அழுதுவிட்டாள்.

"ஐயோ, எல்லாமேவா? அந்த அழகான பறவைங்க எல்லாமேவா?"

"எல்லாமே."

"வாத்து வரும்னு தெரிஞ்சா உள்ள போட்டிருக்கலாமே நடீன்?"

நடீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். "போட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா பிரிசில்லா?"

அந்தப் பக்கம் பிரிசில்லா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அத இப்ப எப்படிச் சொல்றது... நெலமையைப் புரிஞ்சுக்கிட்டிருப்போம்னு நெனைக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச வேற பண்ணை ஏதாவது இருக்கா? மருமக வர்றா. அடைச்சு வைக்காம, வெளியில மேயற பறவையாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

நடீனுக்கு ஒரு பண்ணை தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர்களும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் பறவைகள் இன்னும் வெளியில்தான் இருந்தன. அவர்கள் எண்ணைச் சொன்னாள். பிரிசில்லா இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

ஃபோனை வைத்த பிறகு நடீன் மற்றவர்களைக் கூப்பிடவில்லை. மீதிப் பேரிடம் ஓரின்தான் பேசினான். வசந்தத்துக்குக் குஞ்சு வேண்டுமா என்று குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். அவளிடம் கேட்கவில்லை.  இப்போது அவன் தானியக் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போகிறான். அவள் கடைக்குப் போனால், அங்கே வாசலில் தெரிந்தவர் வண்டி நின்றால்கூட வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.

பிரிசில்லா சொல்லாத அந்தப் பதில்தான் அவளை அரிக்கிறது. வாங்கியிருப்பார்கள் என்றால், வீண் பயத்தில் எல்லாவற்றையும் சாகவிட்டவள் அவள். வாங்கியிருக்க மாட்டார்கள் என்றால், என்ன செய்திருந்தாலும் பண்ணை போயிருக்கும். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும் என்கிறாள்.

கோழியோ முட்டையோ வான்கோழியோ, வெளியில் மேய்ந்ததுதானா என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? "இந்த வருஷம் உள்ளேதான் வைத்திருந்தோம்" என்று அவள் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், நீங்கள் வாங்கியிருப்பீர்களா? ஆறுதல் எழுத வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை என்று, உள்ளதை உள்ளபடி கீழே எழுதுங்கள்.