மேஜருக்குப் பால் சுரந்த வருஷம்

1953ஆம் ஆண்டு வைகாசியில், நாவலப்பிட்டிக்கு மேலேயிருந்த கருங்கல்மலைத் தோட்டத்தில், பெரிய துரையின் காயடித்த ஆண் குதிரைக்குப் பால் சுரந்தது. குதிரையின் பெயர் மேஜர், வயது ஒன்பது. அதுவரை இடி விழுந்தாலும் காது அசைக்காத பிராணி. இப்போது காலை பத்து மணியானால், முதுகில் துரை இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல், மலையை விட்டுத் திரும்பிக் குறுக்குப் பாதையில் பாய்ந்திறங்கிப் பிள்ளைக் காம்பரா வாசலில் போய் நின்றது. கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. படியில் பால் சொட்டும். ஆயம்மா சாக்கைப் போட்டுத் துடைப்பாள். துரை முதல் வாரம் தேயிலைக்குள் விழுந்தார். இரண்டாம் வாரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு பிசகியது.

கண்டியிலிருந்து வந்த மிருக வைத்தியர் பல்லைத் தட்டினார், குளம்பைச் சுரண்டினார், பாலை முகர்ந்தார், நல்ல பால் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை குதிரையைச் சுட்டுவிடுவதென்று துரை முடிவெடுத்தார். குதிரை இல்லாத தோட்டத்துக்குக் குதிரைக்காரன் எதற்கு? இருளப்பனும் மனைவி நல்லம்மாவும் நான்கு மாதப் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும்.

இருளப்பன் கடிவாளத்தை மாற்றினான், கொள்ளுத் தீனியை நிறுத்தினான், முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்தான். வியாழக்கிழமை மாலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"பல்லு நல்லாருக்கு, குளம்பு நல்லாருக்கு. இனி என்னத்தப் பாக்கிறது புள்ள?"

"மணியப் பாருங்க," என்றாள் நல்லம்மா.

அவளுக்கும் பத்து மணிக்குத்தான் மார் கட்டும். மலையில் நின்று கொழுந்து கிள்ளும்போதே ரவிக்கை நனையும். பகல் சங்கு ஊதும்வரை கங்காணி யாரையும் கீழே விடமாட்டார். குதிரை திரும்பிப் பாயும் அதே நொடியில் தன் மாரும் கடுத்ததை அவள் மூன்று நாள் கவனித்திருந்தாள். போன மாதம் பிரித்துத் தைத்த சேணத்துக்குள் என்ன அடைத்தீர்கள் என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

சித்திரையில் பழைய அடைப்பு நைந்துபோயிருந்தது. தேங்காய்த் தும்பு வைத்தால் முதுகு புண்ணாகும். திகனயிலிருந்து குதிரை முடி கொண்டுவரும் ஹாஷிம் நானா அந்த வருஷம் வரவில்லை. சீவி உதிர்ந்த முடியை வெளியே எறிந்தால் செய்வினைக்கு எடுத்துவிடுவார்கள் என்று லயத்துப் பெண்கள் அதைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகுவது வழக்கம். அவர்கள் மலைக்குப் போன நேரம் பார்த்து இருளப்பன் எல்லாவற்றையும் பொறுக்கி அடைத்துவிட்டான். பிள்ளை பெற்றவளுக்குத்தான் முடி கொத்தாகக் கொட்டும். ஆகவே சேணத்தில் முக்கால்வாசி பால் கொடுக்கிறவர்களின் முடி.

அவன் கத்தியை எடுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிச்சா குதிர பொழச்சுக்கும். எங்க புள்ளைக என்ன பண்ணும்?"

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில், பெயர் கூப்பிட்டு முடிந்ததும், நல்லம்மா துரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பத்து மணிக்குப் பால் குடுக்க எங்கள எறக்கி விடுங்க தொரை. குதிர எறங்காது. எறங்குனா அங்கனயே சுட்டுப் போடுங்க."

கங்காணி சிரித்தார். "அடுத்து குதிரைக்குப் பிள்ளப்பேத்துக் காசும் கேப்பா."

துரை சிரிக்கவில்லை. எப்படியும் சுடப்போகிற குதிரை, ஒரு நாள் பார்த்தால் என்ன என்று நினைத்தார்.

சனிக்கிழமை துரை தோளில் துப்பாக்கியோடு மேஜர் மேல் ஏறி, ஏழாம் நம்பர் மலையில் நின்றார். பத்து மணிக்குப் பதினெட்டுப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். நல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மேஜர் காதை நிமிர்த்தியது. கடைசிப் பெண் பிள்ளைக் காம்பராவுக்குள் நுழையும்வரை பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து புல் மேய்ந்தது. துரை கால்மணி நேரம் காத்திருந்தார். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து பத்து மணிக்கும் சங்கு ஊதினார்கள். ஊதச் சொல்லிக் கத்தியது கங்காணிதான்.

இருளப்பன் அதே லயத்தில் இன்னும் பதினொரு வருஷம் இருந்தான். சேணத்தை யாரும் பிரிக்கவில்லை. மேஜருக்குக் கார்த்திகை வரை பால் இருந்தது. லயத்துக் கிழவி வேலாயியின் தாயில்லாப் பேரப்பிள்ளைகள் இருவருக்கு ஆயம்மா அதைக் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டும் தவழவே இல்லை. ஏழாம் மாதம் எழுந்து நின்று, ஓடின.