பூனைக் கீறல்

கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்று, "அகலம் இருநூத்தி எழுபத்திமூணு, உயரம் நூத்தி எண்பத்திமூணு, முதுகு பதினாலு, அரை மில்லிமீட்டர் கூடக் குறையக் கூடாது" என்று வேதம் ஓதுவது போல் ஓதுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வரைபட அலுவலகத்தில் வேலை. வீட்டில் எடுத்த வீடியோவையெல்லாம் டிவிடியில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே கவர் அச்சடித்து, பெட்டியில் செருகி, அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைப்பது பொழுதுபோக்கு. காலத்துக்கும் டிவிடிக்கும் சம்பந்தமே இல்லாமல் போய் வருஷக்கணக்காயிற்று என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

அந்தக் கடையின் கவுன்டரில் உட்கார்ந்து அவருடைய வேதத்தைப் பொறுமையாகக் கேட்டவள்தான் இப்போது அவருடைய மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இரண்டாம் தாரம். முதல் மனைவி போன வருஷம் மழைக்காலத்தில், வீட்டின் பின்பக்கத்து இரும்புப் படியில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். சுவரில் மாட்டப் பெரிய அளவில் படம் அடித்துத் தரச் சொல்லி அவர் வந்தபோது, அடித்துக் கொடுத்ததும் இவள்தான். அன்றைக்கு அவர் படத்தின் சட்டத்துக்கு அளவு சொல்லவில்லை.  அது இவள் மனசை என்னவோ செய்தது. நல்ல மனுஷன், பாவம் என்று நினைத்தாள். அந்த "பாவம்" என்கிற ஒரு சொல் பெண்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அதற்குக் கணக்கே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் சொன்னார்: "பழைய பெட்டியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. புதுசு ஒரு கட்டு வாங்கியிருக்கேன். கவரை உருவிப் புதுசுல போட்டுடுறியா? நான் உன் வரிசைய முடிச்சிடுறேன்."

"என் வரிசைன்னா?"

"நம்ம வரிசை. மூணு கவர். காலையில அடிச்சாச்சு, வெட்டுறதுதான் பாக்கி."

வரிசை என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு வரிசையின் எல்லாக் கவரையும் ஒரே உட்காரலில் அடித்துவிட வேண்டும். இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று அடித்தால் மையின் நிறம் எள்ளளவாவது மாறும், அலமாரியில் நிறுத்தும்போது வெளியே தெரிகிற முதுகுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அவருக்குச் சோறு இறங்காது. அதனால் இன்னும் எடுக்காத வீடியோவுக்குக்கூடக் கவர் முன்கூட்டியே தயாராகிவிடும். போகாத கடற்கரைக்கு, வராத பிறந்த நாளுக்கு. கவர் முதலில், வாழ்க்கை பிறகு என்று கல்யாணமான புதிதில் இவள் கேலி செய்திருக்கிறாள். அவரும் சிரித்தார்.

அவர் சாப்பாட்டு மேஜையில் தாள் வெட்டும் ரப்பர் பாயை விரித்துக்கொண்டு கட்டரை எடுத்தார். இவள் பக்கத்து அறையில் அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் மனைவியின் வரிசை ஏழு. 'நம் வீடு' என்று தலைப்பு, ஒன்று முதல் ஏழு வரை எண். எட்டு மாதமாக இவள் தினமும் தூசி தட்டுகிற முதுகுகள்தான். உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்ததில்லை. செத்துப்போனவளின் வாழ்க்கையை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டாள்.

முதல் கவரை உருவினாள். மலைப்பாதையில் இரண்டு பேரும் தோளோடு தோள். தடித்த பளபளப்புத் தாள், அழகான வேலை. மடிப்பு விழும் இடத்தில் மை தீர்ந்த பேனாவால் கோடு கீறி மடித்திருந்தார். பழக்க தோஷம், கவுன்டரில் செய்வது போலத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

இடது பக்கம் மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகள். தலைமயிர் அளவுதான். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, சாய்த்தால் தெரியும்.

பூனைக் கீறல். அந்தப் பெயரை வைத்தது கடை முதலாளி. மில்லிமீட்டரின் பழைய பிரின்டரில் மை பீய்ச்சுகிற தலை அடைத்துப் போய், எதை அடித்தாலும் பூனை நகத்தால் கீறின மாதிரி மூன்று கோடு விழுந்தது. மூன்று வாரம் அவர் மாதிரித் தாள்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடையாய் நடந்தார். கடைசியில் இவள்தான், "சார், இது தேறாது, மாத்திடுங்க" என்று புது பிரின்டரை விற்றாள். அதுவும் முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது, அதே போன வருஷம், கோடை தொடங்குகிற சமயம். பழைய பிரின்டரைக் கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். முதலாளி அதைப் பிரித்துப் பாகம் பாகமாக எடுத்து, மிச்சத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டதை இவளே பக்கத்தில் நின்று பார்த்தாள்.

சரி, அப்போது அடித்தது போல என்று நினைத்தபடியே இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றிக்கொண்டு போனாள். எல்லாவற்றிலும் கீறல். ஒரே உட்காரல்தான். ஆறாவதை முடித்துவிட்டு ஏழாவதை உருவினாள்.

அதில் அவர் இல்லை. முதல் மனைவி மட்டும், முகம் மட்டும். சுவருக்காக இவள் பெரிதாக்கிக் கொடுத்த அதே படம். கீழே 'நிறைவு' என்று ஒரு சொல். அதற்குக் கீழே அவள் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, போன வருஷம்.

இவள் தாளைச் சாய்த்தாள். மூன்று வெள்ளைக் கோடுகள் வருஷத்தின் எண்களுக்கு நடுவிலேயே ஓடின.

 முதலில் புத்தி சமாதானம்தான் தேடியது. வேறு பிரின்டராக இருக்குமோ? அந்தக் கீறலை ஆயிரம் தாளுக்கு நடுவிலும் அடையாளம் சொல்வாள், அதுதான். வருஷத்தைப் பிறகு சேர்த்திருப்பாரோ? சேர்த்திருந்தால் கீறல் எண்ணுக்குள் ஓடாது. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. மழைக்காலத்தில் வழுக்கி விழப் போகிறவளின் கடைசி வருஷம் கோடைக்கு முன்னாலேயே அச்சாகி, வெட்டி, மடித்துத் தயாராக இருந்திருக்கிறது.

அடுத்த அறையில் கட்டர் இரும்பு ஸ்கேலோடு உரசுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. சர்ர் என்று ஒரு இழுப்பு. நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர்.

"இந்தப் புதுப் பெட்டி இறுக்கமா இருக்குங்க. நகம் போயிடும் போல."

"மெதுவா போடு. மூலை மடங்கிடப் போகுது."

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவளைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருக்கிறாரே, தெரியாதா அவருக்கு? தெரியாது. பிரின்டரை மாற்றச் சொன்னவள் கண்ணுக்கு எது தெரியும் என்று அவர் யோசிக்கவே இல்லை. அவருக்கு அவள் கல்யாணத்தன்றே கவுன்டரை விட்டு எழுந்துவிட்டவள். அளவு தப்பாத மனிதர், ஆளைத் தப்பாக அளந்துவிட்டார்.

ஏழாவது கவரை ஒரு பழைய வாரப் பத்திரிகைக்குள் வைத்து, பத்திரிகையைக் காய்கறிப் பைக்குள் வைத்தாள். ஏழாவது பெட்டியை, இன்னும் மாற்றாத மற்றப் பெட்டிகளுக்கு அடியில் தள்ளினாள்.  எழுந்து மேஜைக்குப் போனாள்.

"பாரு," என்றார் பெருமையாக. மூன்று கவர்கள் விரிந்து கிடந்தன. ஒன்று கல்யாணம். இரண்டாவது, வீட்டுக்கு வண்ணம் அடித்தது. மூன்றாவதில் இன்னும் போகாத ஒரு கடற்கரை. "அடுத்த வாரம் போறோமில்ல, அது."

"நல்லாயிருக்குங்க."

"மை இன்னும் முழுசாக் காயல, தொடாத. கையைக் கழுவிட்டு வர்றேன்."

அவர் குளியலறைக்குள் போனார். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெட்டும் பாய்க்கு அடியிலிருந்து ஒரு தாளின் ஓரம் விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவள் பாயைத் தூக்கினாள்.

தன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் படத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த முகம். சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அதே சொல். பிறந்த வருஷம் சரியாக இருந்தது, அவர் எதிலும் தப்புச் செய்கிறவர் இல்லையே. பக்கத்தில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இந்த வருஷம். வருஷம் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.

சாகப் பயமாக இருந்தது. வேறு எந்த எண்ணமும் இல்லை. கோபமில்லை, துக்கமில்லை. இந்த வீட்டு வாசலை உயிரோடு தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஓடினால் பிடித்துவிடுவார். சண்டை போட்டால் பின்பக்கம் படி இருக்கிறது. அவர் தாமாகவே "போய்ட்டு வா" என்று சொல்ல வேண்டும்.

பாயைப் பழையபடி வைத்தாள். தண்ணீர்த் தம்ளரில் கட்டைவிரலை நனைத்து, இரண்டாவது கவரின் முதுகில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நீலம் கலங்கி எழுத்தோடு வழிந்தது.

குழாய் நின்றது.

"ஐயோ, என்னங்க, தம்ளரை எடுக்கப் போய் கை பட்டுடுச்சு."

அவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. கறையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். 

"தொடாதன்னு சொன்னேன்."

"ஒண்ணுதானே, அதை மட்டும் திரும்ப அடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"ஒண்ணை மட்டும் எப்படி அடிக்கிறது? நிறம் சேருமா? எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும்." டிராயரைத் திறந்தார். "தாளும் இல்ல."

"நான் வாங்கிட்டு வர்றேங்க. எங்க கடையிலதான் இந்த ரகம் கிடைக்கும். நீங்க போனா அவர் வேற லாட்டைத் தலையில கட்டிடுவார். நான்னா பழைய லாட்டாப் பார்த்து எடுத்துத் தருவார்."

அவர் இவள் முகத்தைப் பார்த்தார். ஸ்கேல் வைத்துப் பார்க்கிற பார்வை. இவள் காய்கறிப் பையை எடுத்து, "அப்படியே தக்காளியும் வாங்கணும்," என்றாள்.

"சீக்கிரம் வா," என்றார். "நாலு ஷீட்."

மூணுதானே சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சாதாரணமாக நடக்கிறவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தாள். தெருமுனை திரும்பினாள். அம்மா வீட்டுக்குப் போகிற பஸ் எதிரிலேயே நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் காட்டினால் மூன்று கோட்டைப் பார்த்து அம்மாவுக்கு என்ன புரியும்? புரிகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்.

கடை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைச் சாய்த்துப் பார்த்தார். 

"இது நம்ம பூனையாச்சே," என்றார். பிறகு வருஷத்தைப் படித்தார். இவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். "அம்மாடி, நீ உள்ள வந்து உட்காரு. நான் ஸ்டேஷனுக்குப் போன் பண்றேன்." 

கவுன்டரில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவள் விட்டுப்போன நாற்காலிக்கு வந்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்கள் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை, ஒரு மாணவனுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பினாள்.

"நீங்கதான் மில்லிமீட்டர் சார் வீட்டு அக்காவா?" என்று சிரித்தாள். "சார் சொல்லியிருக்கார். தினமும் சாயங்காலம் வர்றாரே."

"தினமுமா?" வாக்கிங் போகிறேன் என்றுதான் இவளிடம் சொல்லிவிட்டுப் போவார்.

"ஆமாக்கா. ஏதாவது ஒரு தாளைக் கொண்டுவந்து, இந்த நிறம் சரியா இருக்கான்னு கேப்பார். கடை எத்தனை மணிக்கு மூடுவாங்க, தனியாவா வீட்டுக்குப் போறேன்னுகூட விசாரிச்சார். பாவம், நல்ல மனுஷன்."

 பூனைக் கீறல் விழுந்த அந்த மூன்று வாரமும் அவர் இதே கவுன்டரில், இதே கேள்விகளைத்தான் இவளிடம் கேட்டார். இவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். இவள் சிரிக்கச் சிரிக்க, அந்த வீட்டில் ஏழாவது கவர் அச்சாகிக்கொண்டிருந்தது. முதல் மனைவியை இவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். புது பிரின்டர் வாங்கிய அன்று கடைக்கு வெளியே நின்றுகொண்டு, "இவருக்கு நான் வேணாம், தாளும் மையும் போதும்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்காக இவள் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது வந்தது.

"அக்கா, என்னாச்சு?"

பைக்குள் இவளுடைய போன் அடித்தது. அவர்தான். அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது. முதலாளி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, ஸ்டேஷனில் யாரிடமோ வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் புதுப் பெண்ணின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவரை அவள் முன்னால் வைத்தாள்.

மூன்றாம் முறை இவளுடைய போன் அடிக்கவில்லை. கவுன்டர் மேல் இருந்த புதுப் பெண்ணின் போன் அடித்தது.