பதின்மூன்று அடுப்பில் வெந்த ஆமை

கோயிலிலிருந்து ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோவது சுலபம். மறுவருஷம் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதில்தான் இருக்கிறது சங்கதி.

பெங்ஹு தீவுகளில் வருஷத்தின் முதல் பௌர்ணமியன்று ஊர்க்கோயில் மேசைகளில் ஆமைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒட்டரிசி மாவில் சர்க்கரையும் சிவப்புச் சாயமும் கலந்து ஆவியில் வேகவைத்த பலகார ஆமைகள். வேண்டுதல் உள்ளவர்கள் சாமியிடம் உத்தரவு கேட்டு ஒன்றை எடுத்துப்போவார்கள். அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு கொடுத்துத் தின்பார்கள். அடுத்த வருஷம் அதே நாளில் அதைவிடப் பெரிய ஆமையாகச் செய்து திருப்பி வைக்க வேண்டும். அதை வேறொருவர் எடுத்துப்போவார். அவர் இன்னும் பெரிதாகக் கொண்டுவர வேண்டும்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் வாங்யே சாமி கோயிலில் மூன்று ஜின் எடையில் ஒரு குட்டி ஆமையை வைத்தார். ஒரு தட்டில் அடங்கியது அது. கை மாறிக் கை மாறி வளர்ந்து போன வருஷம் நூற்று நாற்பது ஜின்னில் வந்து நின்றது. கிலோவில் சொன்னால் எண்பத்து நாலு. அந்த மலையைத்தான் பிஷியா எடுத்துக்கொண்டாள்.

கணவன் தியான்ஃபுவுக்கு முழங்காலில் அறுவை நடந்து அவன் படகேற முடியாமல் கிடந்த நேரம் அது. பிஷியா பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தாள். பிறைச் சந்திரன் வடிவில் இரண்டு மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் முதுகு. கீழே போடும்போது ஒன்று தட்டையும் ஒன்று முதுகுமாக விழுந்தால் சாமி சம்மதித்தார். இரண்டும் முதுகு காட்டினால் மறுத்தார். இரண்டும் தட்டையாக மல்லாந்தால் சாமி சிரிக்கிறார் என்று பொருள். பெரிய ஆமைக்கு ஐந்து முறை தொடர்ந்து சம்மதம் விழ வேண்டும். பிஷியாவுக்கு ஐந்தும் விழுந்தது. தியான்ஃபுவின் முழங்காலும் தேறியது. இப்போது அவன் படகில் நின்றுகொண்டே வலை இழுக்கிறான்.

ஆக, இந்தப் பௌர்ணமிக்கு நூற்றைம்பது ஜின் ஆமை வைப்பதாகப் பிஷியா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு உனக்குச் சின்ன ஆமையே கண்ணுல படலையா?" என்றாள் நாத்தனார் லீஜூ, கணவாய் மீன்களைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே. "ஓரத்துல முட்டைக் கேக்குல செஞ்சு ஒண்ணு வச்சிருந்தாங்களே, பூனைக்குட்டி மாதிரி!"

"பெரிய முழங்காலு அண்ணி. அதுக்குத் தகுந்த ஆமை."

"அப்ப பெரிய அடுப்பும் சேத்துக் கேட்டிருக்கணும்."

லீஜூவின் வாய் அப்படி. ஆனால் அடுப்பு விஷயத்தில் அவள் சொன்னது சரி. போன வருஷ ஆமையைச் செய்தவர் படகுப் பட்டறையில் தகரப்பெட்டி அடித்து, பதினோரு மணி நேரம் ஆவி காட்டியிருந்தார். பிஷியா வீட்டில் கொண்டுபோய் அறுத்தபோது நடுவில் முழங்கை நீளத்துக்கு வெள்ளை மாவு வேகாமல் பசையாக ஒழுகியது. "இத வச்சுச் சுவரொட்டி ஒட்டலாம்" என்று லீஜூ விரலில் தொட்டுக் காட்டியதை ஊரே சொல்லிச் சிரித்தது.

அவர்மீது குற்றமில்லை. மாவின் குணம் அது. ஆவியின் சூடு வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே நகரும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகிறது. அதற்கு மேல் கொதிக்கவிட்டால் நடு வேகும்; ஓரம் குழைந்து ஆமையின் கால்கள் உருகிப்போகும். பெரிதாகிக்கொண்டே போகிற பலகாரம் என்றைக்காவது ஒரு நாள் எந்த அடுப்பிலும் வேகாத அளவுக்கு வந்துதான் தீரும். அந்த நாள் தன் தலையில் விடிந்துவிட்டது என்று பிஷியாவுக்குத் தெரிந்தது.

சில கோயில்களில் அரிசி மூட்டைகளை ஆமை வடிவில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். அவளும் அப்படிச் செய்யலாம். ஆனால் நாற்பத்தொரு வருஷமும் வெந்து வந்த ஆமை இது. தன் கையில் வந்து அது மூட்டையாக மாறக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் ஆமை அச்சைக் கழுவும்போது அதன் ஓட்டுக் கட்டங்களை எண்ணினாள். நடுவில் ஐந்து, இரு பக்கமும் நாலு நாலு. மொத்தம் பதின்மூன்று. நிஜ ஆமைக்கும் அதே கணக்குத்தான். கடல் ஆமையின் ஓடே பதின்மூன்று துண்டுகளின் சேர்க்கை என்றால் அரிசி ஆமை மட்டும் ஏன் ஒரே கட்டியாக இருக்க வேண்டும்? பதின்மூன்று வீடுகளில் பதின்மூன்று துண்டு வேகட்டும். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்தில் நடுவரை வெந்துவிடும். சூட்டோடு சூடாகச் சேர்த்து வைத்தால் ஒட்டரிசி தானே ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த கோடுகள்தான் ஓட்டின் கோடுகள்!

செய்தித்தாளில் துண்டுகளின் அளவை வெட்டி எடுத்துக்கொண்டு முதலில் லீஜூ வீட்டுக்குத்தான் ஓடினாள்.

"நடுத்துண்டு உங்களுக்குத்தான் அண்ணி. ஆறு மூலை, எல்லாத்தையும்விடப் பெருசு."

லீஜூ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஆமை இல்லடி, பதிமூணு பலகாரம். சாமிய ஏமாத்தப் பாக்குறியா? பதிமூணு மீன் வாலைச் சேத்துத் தச்சா சுறா ஆயிடுமா? நான் வர்றதா இல்ல."

"சாமிகிட்டயே கேட்டுட்டா?"

"கேளு. அவரு வேணாம்னு சொல்வாரு. நான் சொன்னேன்னு சொல்லு."

பிஷியா அன்றே கோயிலுக்குப் போனாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சுவாங் கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். "துண்டு துண்டா வேகவச்சுச் சேத்தா ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டுப் போட்டாள். இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டாள். மல்லாந்தன. மூன்றாவது முறையும் சாமி சிரித்தார்.

"என்ன அண்ணே, இப்படிச் சிரிக்கிறாரு?"

"சிரிச்சா கோவமில்லம்மா. கேள்வி இன்னும் வேகலேன்னு அர்த்தம். ஆமையக் கண்ணுல காட்டாம கேட்டா அவரு என்னத்தச் சொல்வாரு? செஞ்சுகிட்டு வா. அன்னிக்கு மூணு சம்மதம் விழுந்தா வாங்கிக்கலாம்."

"விழலேன்னா?"

சுவாங் ஊதுவத்திச் சாம்பலைத் துடைக்கப் போய்விட்டார்.

விழாவிட்டால் நாற்பத்தொரு வருஷச் சங்கிலி பிஷியாவின் கையில் அறும். வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பித் தராதவள் என்று பெயராகும். வேண்டியது கிடைத்த பிறகு வாக்குத் தவறினால் அவளால் தியான்ஃபுவைப் படகில் நிம்மதியாக வழியனுப்பவும் முடியாது. ஆனாலும் வேறு வழியில்லை. லீஜூவை விட்டுவிட்டு வேறு பன்னிரண்டு வீடுகளைச் சேர்த்தாள். நடுத்துண்டுக்கு இன்னொரு காகிதம் வெட்டித் தன் அடுப்புக்கே வைத்துக்கொண்டாள்.

பௌர்ணமி காலை பத்து மணிக்குப் பதின்மூன்று சமையலறைகளிலும் ஆவி கிளம்பியது. வழக்கமாக மாவு ஒட்டாமலிருக்கப் பாத்திரம் முழுக்க எண்ணெய் தடவுவார்கள். இன்றைக்குப் பக்கங்களில் எண்ணெயே கூடாது, வாழையிலைதான். எண்ணெய் பட்ட விளிம்பு இன்னொரு விளிம்போடு ஒட்டாது என்று பிஷியா வீடு வீடாகப் போய் மூன்று தடவை சொல்லியிருந்தாள். தலை, வால், கால்கள் முதல் நாளே வெந்து கோயிலில் காத்திருந்தன. சரியாக ஒரு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் சுவாங் "தூக்குங்க!" என்பார். எல்லோரும் துண்டைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடிவர வேண்டும். வாசலில் வடகிழக்குக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் தாமதித்தால் விளிம்பு காய்ந்து தோலாகிவிடும்.

சேர்க்கிற வேலைக்குப் பிஷியா கோயிலில் இருந்தாக வேண்டும். அதனால் வீட்டு அடுப்பைத் தியான்ஃபுவிடம் ஒப்படைத்தாள்.

"ரெண்டே விஷயம். மூடியத் திறக்காத. 'வெந்துச்சா'ன்னு கேக்காத."

"யாருகிட்ட கேக்கப்போறேன்? நான் ஒருத்தன்தானே இருக்கேன்!"

பலகாரம் வேகும் அடுப்பருகே 'வெந்துச்சா' என்று வாய்விட்டுக் கேட்டால் அது வேகவே வேகாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இது. யோசித்துப் பார்த்தால் அதில் விஷயமும் இருக்கிறது. கேட்டவன் கேட்டதோடு நிற்பதில்லை, மூடியைத் தூக்கிப் பார்ப்பான். ஒரு முறை தூக்கினால் சேர்த்த ஆவியெல்லாம் போய், பத்து நிமிஷ வேலை வீண்.

ஒரு மணி. "தூக்குங்க!" என்று ஒலிபெருக்கி அலறியது.

பவளக்கல் சுவர்களுக்கு நடுவே ஓடும் சந்துகளிலிருந்து பெண்கள் புறப்பட்டு வந்தார்கள். ஒருத்தி கையில் பிள்ளையைத் தூக்குவது போல ஏந்தி வந்தாள். இரண்டு பேர் கைவண்டியில் வைத்துத் தள்ளினார்கள். ஒருத்தி ஸ்கூட்டரில் முன்னால் கட்டி வைத்து, "சுடுது, சுடுது, வழி விடுங்க!" என்று ஹாரனுக்குப் பதில் கத்திக்கொண்டே வந்தாள். துண்டுகள் மேசையில் விழ விழப் பிஷியா விளிம்போடு விளிம்பு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஒட்டின! இழுத்தால் நூல் நூலாக வந்ததே தவிரப் பிரியவில்லை. முதுகு வளைந்தது. தலை ஏறியது. ஆமை எழுந்தது.

நடுவில் மட்டும் ஆறு மூலையில் ஒரு பொத்தல்.

தியான்ஃபு வெறுங்கையோடு ஓடிவந்தான்.

"எங்க?"

"அது... இன்னும்..." அவன் தலையைச் சொறிந்தான். "நடுவுல தளதளங்குது."

"மூடியத் திறந்தியா?"

"கொஞ்சமா."

"எத்தன தடவ?"

"எண்ணல."

"கேட்டியா?"

"மனசுக்குள்ளதான் கேட்டேன். கடைசியில மட்டும் கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு."

கூட்டம் 'ஐயோ' என்றது. பிஷியா பொத்தலைப் பார்த்தாள். விளிம்புகளில் பளபளப்பு மங்க ஆரம்பித்திருந்தது.

அப்போது வாசலில், "நகருங்கப்பா, நகருங்க! கம்பம் மாதிரி நிக்காதீங்க!" என்று ஒரு குரல். லீஜூ வந்தாள். நெஞ்சோடு அணைத்த கம்பளிக்குள்ளிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்து கம்பளியைப் பிரித்தாள். சிவப்பாக, கனமாக, ஆறு மூலையோடு நடுத்துண்டு.

"அண்ணி!"

"வாயப் பொளக்காத, ஆறிப்போகும். அந்த மூலையப் பிடி."

இருவரும் சேர்த்து இறக்கினார்கள். பிஷியா அன்று அவளிடம் விட்டுவந்த காகிதத்தின் அளவு பிசகவில்லை. துண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக அடங்கியது.

"வர மாட்டேன்னீங்களே?"

"இப்பவும் இது ஆமைன்னு நான் ஒத்துக்கல. ஆனா நீ அடுப்ப எந்தம்பிகிட்ட விடப்போறதாக் கேள்விப்பட்டேன் பாரு, அப்பவே அரிசிய ஊறப் போட்டுட்டேன். சின்னதுல கோழி முட்டைமேல உக்காந்தா அதத் தூக்கித் தூக்கிப் பாத்து ஒரு குஞ்சுகூடப் பொரிக்க விட்டதில்ல இவன்."

"அக்கா, எல்லார் முன்னாடியுமா!" என்றான் தியான்ஃபு.

தராசில் ஏற்றினார்கள். நூற்று ஐம்பத்து மூன்று ஜின். சுவாங் கட்டைகளை நீட்டினார். பிஷியா மண்டியிட்டாள்.

"சாமி, இது ஒரே ஆமைதானே?"

போட்டாள். இரண்டும் மல்லாந்தன. சாமி மறுபடி சிரித்தார்.

பிஷியா கட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள். லீஜூ பக்கத்தில் வந்து குந்தினாள்.

"என்னடி கேள்வி இது? ஒண்ணா பதிமூணான்னு எண்ணுறது நம்ம சண்டை. அத எதுக்கு அவர் தலையில கட்டுற? உன் வேலை கொடுக்கறது. வாங்கிக்கிறாரான்னு கேளு, போதும்."

பிஷியா மூச்சை இழுத்துவிட்டாள். "சாமி, கொண்டுவந்திருக்கேன். வாங்கிக்கிறீங்களா?"

ஒன்று தட்டை, ஒன்று முதுகு. "ஒண்ணு!" என்றது கூட்டம்.

மறுபடி. தட்டையும் முதுகும். "ரெண்டு!"

மூன்றாவது முறை ஒரு கட்டை காலடியிலேயே முதுகு காட்டி நின்றது. மற்றொன்று தரையில் தெறித்து, குட்டிக்கரணம் போட்டு, படையல் மேசையின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. விழுந்த இடத்தில் விழுந்தபடிதான் பார்க்க வேண்டும். யாரும் தொடக் கூடாது. சுவாங் தரையில் குப்புறப் படுத்தார். தொப்பி கழன்றது. மேசைத்துணிக்குள் தலையை விட்டார். அவருடைய செருப்புகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அண்ணே, என்ன தெரியுது?"

"சிலந்தி தெரியுது."

"அண்ணே!"

"இரும்மா... தட்டை! தட்டைதான்! மூணு!"

எழ முயன்று மேசையில் தலையை இடித்துக்கொண்டார். அது யாருக்கும் காதில் விழவில்லை; வாசலில் பட்டாசு வெடிக்க ஆரம்பித்துவிட்டது. பிஷியா லீஜூவின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் அவரவர் துண்டைத் தொட்டுக்காட்டி, "இது நான் வேகவச்சது" என்று வெளியூரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புக் காகிதத்தில் பிஷியாவின் பெயரை எழுதி ஆமையின் நெற்றியில் ஒட்டிவிட்டு, சுவாங் மண்டையைத் தடவிக்கொண்டே ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நூத்தி அம்பத்து மூணு ஜின் ஆமை! கேக்கறவங்க வரிசையில வாங்க. அடுத்த வருஷம் நூத்தி அறுபதுக்குக் குறையக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்!"

எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவள் லீஜூ.

"நீங்களா அண்ணி?" பிஷியா கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்கு என்ன குறை? என்ன வேண்டிக்கப் போறீங்க?"

"எந்தம்பிக்குக் கொஞ்சம் பொறுமை."

சுவாங் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டு, "அதுக்கு இந்த ஆமை பத்தாதேம்மா" என்றார். ஊர் முழுக்கக் கேட்டது.